எல்லோருக்குமான காடு

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலம் தன்னுடைய மாநிலப் பூங்காக்கள் இருபத்தாறையும் ஒரே நாளில் மூடியது. காட்டுத்தீயோ புயலோ அதற்குக் காரணமல்ல. நிதிப் பற்றாக்குறையும் இல்லை. அப்பூங்காக்களுக்குள் கறுப்பரை அனுமதிக்க மறுப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று அவ்வாண்டு ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்து, அறுபது நாள் அவகாசமும் தந்திருந்தார். அவகாசம் முடிந்ததும் மாநிலம் தன் விடையைச் சொன்னது. கறுப்பரும் வருவதாக இருந்தால், பூங்காவே யாருக்கும் வேண்டாம்.

நிறவெறியின் வரலாற்றில் இந்நிகழ்ச்சி ஓர் அடிக்குறிப்பாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பள்ளிகள், பேருந்துகள், உணவகங்கள் ஆகியவற்றின் கதைகளை அறிந்த அளவுக்குக் காடுகளின் கதையை நாம் அறிவதில்லை. காடு என்பது அரசியலுக்கு வெளியே இருப்பது, மனிதன் தன் அடையாளங்களைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்லும் இடம் என்றோர் எண்ணம் நமக்குள் ஆழமாகப் பதிந்திருப்பது காரணமாக இருக்கலாம். ஆனால், ஓர் அரசு காட்டுக்கு எல்லை வகுத்து, பாதை போட்டு, கூடாரமடிக்க இடம் ஒதுக்கி, ‘இது பொதுமக்களுக்கு உரியது’ என்று பலகை நடும்போது, அந்தப் பொதுமக்கள் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்துவிடுகிறது. அக்கேள்விக்கு அமெரிக்க மாநிலங்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் அளித்த விடைகளைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் கூட்டாட்சி அரசுக்கு உரியவை; உலகெங்கிலுமிருந்து மனிதர்கள் தேடிச் செல்லும் பெருங்காட்சிகள். மாநிலப் பூங்காக்களும் மாநிலக் காடுகளும் அத்தனை புகழ் வாய்ந்தவை அல்ல. மாநிலக் காட்டில் மரம் வளர்ப்பும் வெட்டும் நீர்ப்பிடிப்பும் முதன்மை. நடைப்பாதையும் கூடாரமும் அதோடு சேர்ந்தவை. மாநிலப் பூங்கா ஓய்வுக்காகவே அமைக்கப்பட்டது. ஓர் ஏரி, சில மரக்குடில்கள், கூடாரத்துக்கான இடங்கள், நெருப்பு மூட்டக் கல்லடுப்புகள். பல மாநிலங்களில் இரண்டையும் ஒரே வனத்துறைதான் நிர்வகித்தது. சாதாரணக் குடும்பம் ஒன்று வார இறுதியில் காரில் போய் இரண்டு இரவு தங்கித் திரும்பும் இடங்கள் இவை. பெருங்காட்சிகள் இல்லாததனாலேயே அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் இருப்பவை.

*

தொடக்கம் ஒரு போரின் நடுவில் நிகழ்ந்தது. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும், மாரிப்போசாவின் செக்கோயாப் பெருமரத் தோப்பையும் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்த சட்டம் அது. பொதுமக்களின் பயனுக்கும் ஓய்வுக்குமே அவை இருக்க வேண்டும், எக்காலத்திலும் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. யோசெமிட்டியை இன்று நாம் தேசியப் பூங்காவாகவே அறிவோம். ஆனால் 1906 வரை அந்தப் பள்ளத்தாக்கு ஒரு மாநிலத்தின் பொறுப்பில்தான் இருந்தது.

அதை நிர்வகிக்க அமைக்கப்பட்ட ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர். 1865இல் அவர் எழுதிய அறிக்கையின் சாரம் இது: இயற்கைக் காட்சி மனித மனத்துக்கு உணவைப் போலத் தேவையானது; இங்கிலாந்தில் அதன் சிறந்த பகுதிகள் மிகச் சில செல்வந்தரின் வேலிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன; அதைச் சாதாரண உழைப்பாளிக்கும் கிடைக்கச் செய்வது ஒரு குடியரசின் கடமை. தான் பேசும் சமூகத்தை அவர் நன்றாக அறிந்தவர். 1850களில் பத்திரிகையாளராக வர்ஜீனியா, கரோலினாக்கள் வழியாக அடிமை மாநிலங்களில் பயணம் செய்து, கண்டதை நூல்களாக எழுதியவர் அவரே. ஆயினும் அவ்வறிக்கை மாநிலச் சட்டமன்றத்தை எட்டவில்லை. சக ஆணையர்கள் சிலரே அதைத் தடுத்துவிட்டனர். 1952இல்தான் அது மீட்கப்பட்டு அச்சேறியது.

அறிக்கை சொன்ன ‘எல்லோரும்’ என்ற சொல்லிலும் ஒரு வெற்றிடம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே மனிதர்கள் வாழ்ந்தார்கள். அஹ்வானீச்சி மக்களை வெளியேற்றுவதற்காக 1851இல் மாரிப்போசா படையணி அங்கே நுழைந்தது. அதன் பின்னரே வெளியுலகம் அப்பள்ளத்தாக்கின் அழகைப் பேசத் தொடங்கியது. பொதுமக்களுக்கான முதல் மாநில வனம், அதன் சொந்த மக்களைத் துரத்திய பதின்மூன்றாம் ஆண்டில் பிறந்தது.

*

கிழக்கே நியூயார்க் மாநிலத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. வடக்கு மலைப்பகுதியான அடிரொண்டாக்கின் மரங்கள் வேகமாக வெட்டப்பட்டன. மலை மொட்டையானால் ஆறுகளும் ஈரி கால்வாயும் வற்றிவிடும் என்று வணிகர்களே அஞ்சினர். 1885இல் மாநிலம் தனக்குச் சொந்தமான நிலங்களைக் காப்புக்காடாக அறிவித்தது. 1892இல் அடிரொண்டாக் பூங்கா உருவாயிற்று. 1894இல் அதற்கும் மேலே சென்று, இக்காடுகள் என்றென்றும் வனமாகவே வைக்கப்படும் என்பதை மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தனர். ஒரு சட்டமன்றத்தின் பெரும்பான்மையால் மட்டும் அதை மாற்ற முடியாது. அரசமைப்பைத் திருத்த மக்கள் வாக்களிக்க வேண்டும். சுமார் 60 லட்சம் ஏக்கர் பரந்த அப்பூங்காவில் பாதிக்குச் சற்றுக் குறைவான நிலம் மாநிலத்துக்குச் சொந்தம். அதில்தான் இந்தப் பாதுகாப்பு.

அங்கே பொழுதுபோக்குக்காகக் கூடாரமடிக்கும் வழக்கம் சட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. பாஸ்டன் நகரப் பாதிரியார் வில்லியம் மர்ரே 1869இல் அடிரொண்டாக்கில் முகாமிடுவதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்த ரயிலில் ஏறுவது, எந்த வழிகாட்டியை அமர்த்துவது, எதை உடுத்துவது என்பதெல்லாம் அதில் இருந்தது. மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்தக் கோடையிலேயே நகரவாசிகள் கூட்டமாகக் கிளம்பினர். இடமில்லாமலும் கொசுக்கடியிலும் அவதிப்பட்ட அவர்களை ‘மர்ரேயின் முட்டாள்கள்’ என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அதுவரை வேட்டைக்காரனும் மரம்வெட்டியும் கதியின்றிச் செய்த ஒன்றை, ஒரு நகரக் குடும்பம் விரும்பிச் செய்யத் தொடங்கியது அப்போதுதான்.

இதே அடிரொண்டாக்குக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அக்கால நியூயார்க்கில் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இல்லாத கறுப்பர் வாக்களிக்க முடியாது. வெள்ளையருக்கு அந்த விதி இல்லை. இதற்கு மாற்றாக, அடிமை ஒழிப்புவாதியும் பெருநிலக்கிழாருமான கெரிட் ஸ்மித் 1846 முதல் தன் நிலத்தில் 1,20,000 ஏக்கரை நாற்பது ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, சுமார் மூவாயிரம் கறுப்பருக்கு வழங்கினார். பெரும்பகுதி அடிரொண்டாக் காடு. குளிரும் கல்நிலமும் பலரைத் தோற்கடித்தன, குடியேறியவர்கள் சிலரே. அவர்களுக்குத் துணையாக 1849இல் அங்கு வந்து வசித்தவர்தான் ஜான் பிரௌன். 1859இல் தூக்கிலிடப்பட்ட அவரது உடல் அடக்கமானதும் அங்கேதான். வனத்தைப் பற்றிய நம் பேச்சில் நிலம் எப்போதும் அழகாகவே வருகிறது. இங்கே அது ஒரு வாக்குச் சீட்டாகவும் இருந்திருக்கிறது.

*

இருபதாம் நூற்றாண்டில் காட்டின் வாயிலை அகலத் திறந்தது கார். 1920இல் அமெரிக்காவில் சுமார் 80 லட்சம் கார்கள் இருந்தன; 1930இல் 2 கோடியே 30 லட்சம். ரயில் நிலையமும் விடுதியும் இருந்த இடத்துக்கு மட்டுமே போகமுடிந்த குடும்பங்கள், பின்னிருக்கையில் கூடாரத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு எங்கும் போகத் தொடங்கின. தேசியப் பூங்காக்களின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர், இக்கூட்டத்தைத் தம் பூங்காக்களால் மட்டும் தாங்கமுடியாது என்று கண்டார். 1921 ஜனவரியில் அயோவாவின் தெமாய்ன் நகரில் மாநிலப் பூங்காக்களுக்கான மாநாட்டைக் கூட்டினார். அன்றிருந்த 48 மாநிலங்களில் 29இல் ஒரு மாநிலப் பூங்காகூட இல்லை. நூறு மைலுக்கு ஒரு பூங்கா என்பது அவ்வியக்கத்தின் முழக்கமாயிற்று.

இந்த இடத்தில், அதிகம் அறியப்படாத ஒருவரைச் சொல்லியாக வேண்டும். எமிலியோ மைனெக்கே ஒரு தாவர நோயியலாளர்; அமெரிக்க வனத்துறையில் பணியாற்றியவர். கலிபோர்னியாவின் பெருமரங்கள் வாடுவதன் காரணத்தை ஆராய்ந்தபோது, பூஞ்சையைவிடப் பெரிய நோய் மனிதக் காலடியே என்று கண்டார். அம்மரங்களின் வேர்கள் ஆழத்தில் இறங்குவதில்லை, மேல்மண்ணில் பரவுகின்றன. மனிதர் நடந்து நடந்து, கார்கள் ஏறி ஏறி மண் இறுகிவிடுகிறது. நீரும் காற்றும் வேருக்குப் போவதில்லை. மரத்தடியில் கூடாரமடித்து மரத்தை வியந்தவர்களே அதைக் கொன்றுகொண்டிருந்தனர்.

1930களின் தொடக்கத்தில் அவர் முன்வைத்த தீர்வு எளிமையானது. கார்கள் ஒருவழியாகச் சுற்றிவரும் வளையப் பாதை. அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கார் நிற்குமளவு கிளைத்தடம். அதன் அருகே அசைக்கமுடியாதபடி பதித்த மேசை, அடுப்பு, கூடாரத்துக்குச் சமன்செய்த தரை. இரண்டு இடங்களுக்கு நடுவே புதர்கள் மறைப்பாக நிற்கும். எங்கு நடக்க வேண்டும், எங்கு உட்கார வேண்டும் என்பதை மேசையும் அடுப்பும் தீர்மானித்துவிடுவதால் மீதிக் காடு பிழைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கூடாரமடிக்கப் போகும் எவரும் இன்றும் பெரும்பாலும் மைனெக்கே வரைந்த வளையத்துக்குள்தான் தூங்குகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்து ஒதுக்கிய சமமான இடம் என்பது, காகிதத்தில் பார்த்தால், ஓம்ஸ்டெட்டின் குடியரசுக் கனவு நிறைவேறியதுபோலத்தான் இருக்கிறது.

*

வரைபடம் தயாராக இருந்தது. கட்டுவதற்குக் கைகள் வந்தது பெருமந்தத்தின்போது. 1933 மார்ச் 31ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டத்தின்கீழ் குடிசார் வனப் பாதுகாப்புப் படை உருவாயிற்று. வேலையற்ற, மணமாகாத இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து, காடுகளிலும் பூங்காக்களிலும் வேலை தருவது திட்டம். மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் தேதி முதல் முகாம் வர்ஜீனியாவில் திறக்கப்பட்டது. 1942இல் படை கலைக்கப்படும்வரை சுமார் முப்பது லட்சம் பேர் அதில் வேலை செய்தனர். ஏறக்குறைய முந்நூறு கோடி மரக்கன்றுகள் நட்டனர். அவர்கள் கை வைக்காத மாநிலப் பூங்கா அன்று அரிது. ஏரிக்கான அணை, கல்பாவிய படிகள், செதுக்காத மரத்தாலும் அந்தந்த ஊர்க் கல்லாலும் எழுந்த குடில்கள் எல்லாம் அவர்கள் உழைப்பு. மண்ணிலிருந்து தானாக முளைத்ததுபோன்ற அந்தக் கட்டடங்கள் பல இன்றும் உறுதியாக நிற்கின்றன.

அச்சட்டத்தில், நிறத்தையோ இனத்தையோ நம்பிக்கையையோ காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பிரிவைச் சேர்த்தவர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். அன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். பிரிவு சட்டத்தில் இருந்தது, முகாம்களில் இல்லை. கறுப்பருக்கு மக்கள்தொகை விகிதப்படி பத்தில் ஒரு பங்கு இடம் என்று வரம்பு வைக்கப்பட்டது. அவர்களோ வேலையின்மையால் மிக அதிகம் தாக்கப்பட்டவர்கள். 1935இல் படையின் இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர் முகாம்களை நிறவாரியாக முற்றிலும் பிரிக்க உத்தரவிட்டார். தனி முகாம்களில் சுமார் இரண்டு லட்சம் கறுப்பின இளைஞர்கள் வேலை செய்தார்கள்.

அவர்கள் கட்டியவற்றில் ஒன்று வர்ஜீனியாவின் கடலோரப் பூங்காவான சீஷோர். 1607இல் ஆங்கிலேயக் குடியேறிகள் முதலில் கரையிறங்கிய கேப் ஹென்றி அதன் அருகில்தான் இருக்கிறது. மணல் மேடுகளும், கறுத்த நீர் தேங்கிய சதுப்பும், அதில் நிற்கும் சைப்ரஸ் மரங்களும், கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தொங்கும் பாசியும் கொண்ட நிலம். பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களே அங்கு சதுப்பை வடித்துப் பாதைகள் போட்டனர். 1936 ஜூன் 15ஆம் தேதி சீஷோர் உட்பட ஆறு பூங்காக்களை வர்ஜீனியா ஒரே நாளில் திறந்தது. ஒரு மாநிலத்தின் பூங்கா அமைப்பு முழுவதும் ஒரே நாளில் பிறந்தது பெருமையாகக் கொண்டாடப்பட்டது. அந்த ஆறில் ஒன்றிலும் கறுப்பருக்கு அனுமதி இல்லை. தாம் போட்ட பாதையில் நடக்க அந்த இளைஞர்களுக்கு உரிமையில்லை.

அதே 1936இல்தான் நியூயார்க்கின் ஹார்லமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் தம் சிறு கையேட்டின் முதல் பதிப்பை வெளியிட்டார். காரில் பயணம் செய்யும் கறுப்பினக் குடும்பம் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் பட்டியல் அது. முப்பது ஆண்டுகள் அது வந்துகொண்டிருந்தது. அதன் தேவையே ஒரு செய்தியைச் சொல்கிறது. விடுதிகள் மறுக்கப்பட்ட மனிதனுக்குக் கூடாரம்தான் இயல்பான மாற்று. கூடாரமடிக்கும் நிலமும் அவனுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

*

தெற்கில் கறுப்பருக்கென்று தனிப் பூங்காக்கள் சில இருந்தன. டென்னசியில், மெம்ஃபிஸ் அருகே டி. ஓ. ஃபுல்லர் பூங்காவும் சாட்டனூகா அருகே புக்கர் டி. வாஷிங்டன் பூங்காவும் அத்தகையவை. ஃபுல்லர் பூங்காவில் நீச்சல் குளத்துக்காகத் தோண்டியபோது மண்ணுக்கடியில் சுகலீசா என்ற பழங்குடி ஊரின் எச்சங்கள் கிடைத்தன. விலக்கப்பட்ட ஒரு மக்களுக்கான பூங்காவின் அடியில், அகற்றப்பட்ட இன்னொரு மக்களின் ஊர் இருந்தது.

வர்ஜீனியாவில் அந்தத் தனிப் பூங்காவும் இல்லை. 1948இல் டான்வில் நகரத்து வங்கியாளர் கான்ராட் மார்ட்டின், ஸ்டாண்டன் ரிவர் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய முயன்று மறுக்கப்பட்டார். அரசமைப்பின் பதினான்காம் திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டு அவர் வழக்குத் தொடுத்தார். ‘தனியே ஆனால் சமமாக’ என்பது அன்றைய சட்டக் கோட்பாடு. அதன்படியே பார்த்தாலும், தனியே என்று காட்டுவதற்குக்கூட மாநிலத்திடம் ஒன்றும் இல்லை. ஆளுநர் வில்லியம் டக் ஒரு வழி கண்டார். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், மந்தகாலத்தில் நொடித்துப்போன உழவர்களிடமிருந்து கூட்டாட்சி அரசு வாங்கிய நிலத்தில், மாநிலக் காட்டின் நடுவே இரண்டு செயற்கை ஏரிகள் அருகருகே இருந்தன. அவற்றுள் ஒன்று 1950இல் ‘நீக்ரோக்களுக்கான பிரின்ஸ் எட்வர்ட் மாநிலப் பூங்கா’ ஆயிற்று. மற்றது, குட்வின் ஏரி, வெள்ளையருக்கு. ஒரே காடு, ஒரே மழை, இரண்டு ஏரிகள்.

அந்தக் கவுண்டியின் பெயரை வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கக்கூடும். 1951 ஏப்ரல் 23ஆம் தேதி, அதன் தலைநகரான ஃபார்ம்வில்லில், கறுப்பர் பள்ளியின் இழிநிலையை எதிர்த்துப் பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் வேலைநிறுத்தம் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954இல் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய உச்சநீதிமன்றத் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று. கவுண்டி என்ன செய்தது? 1959 முதல் 1964 வரை தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவைத்தது. வெள்ளையரின் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்தாண்டுகள் கல்வி இழந்தனர்.

பொதுச் சொத்தைப் பகிர்வதைவிட அழிப்பதே மேல் என்ற இந்த மனநிலைக்குப் பூங்காக்கள் முன்னோடியாகிவிட்டன. 1951இல் நார்ஃபோக் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர் நால்வர் சீஷோர் பூங்காவின் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டு, வழக்குத் தொடுத்தனர். பூங்காவைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டால் பாகுபாட்டைத் தொடரலாம் என்று மாநிலம் கணக்கிட்டது. 1955இல் நீதிபதி வால்டர் ஹாஃப்மன் அந்தக் குறுக்குவழியையும் அடைத்தார். மாநிலம் சீஷோரை மூடிவிட்டது. 1961 வரை அது முழுமையாகத் திறக்கப்படவில்லை.

அதே 1955 நவம்பரில் மேரிலாந்து வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், பொதுப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் பிரிவினை செல்லாது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ கடற்கரைப் பூங்கா மீதும் அப்போது வழக்கு நிலுவையில் இருந்தது. 1956இல் சட்டமன்றம் எடிஸ்டோவை மூடியது. பூங்காவே திறந்திராதபோது அனுமதி கேட்பதில் பொருளில்லை என்று வழக்கும் தள்ளுபடியானது. இந்தத் தந்திரம் ஒருமுறை பலித்தது. 1961இல் கறுப்பினத் தலைவர் ஜே. ஆர்தர் பிரௌனும் பிறரும், வழக்கறிஞர் மேத்யூ பெரியின் துணையோடு, இம்முறை ஒரு பூங்காவை எதிர்த்து அல்லாமல் பூங்காக்களை நடத்திய மாநில வன ஆணையத்தையே எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். தனித்தனியே மூடித் தப்பிக்க இப்போது வழியில்லை. எனவே மாநிலம் அனைத்தையும் மூடியது. இக்கட்டுரை தொடங்கிய செப்டம்பர் 8க்கு இவ்வாறு வந்து சேர்கிறோம்.

*

இதற்குப் பின் நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1964 ஜூனில் தெற்குக் கரோலினா பூங்காக்களைத் திறந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஏரிகளிலும் கடலிலும் குளிப்பதற்கு அனுமதி இல்லை. குடில்களில் தங்க அனுமதி இல்லை. மரங்களின்கீழ் நடக்கலாம், உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்ணலாம். 1966இல்தான் நீரும் குடிலும் எல்லோருக்கும் கிடைத்தன. எடிஸ்டோவும் அப்போதே திறந்தது.

எதற்கு அஞ்சினார்கள் என்பதை இந்த நிபந்தனை அப்பட்டமாகச் சொல்லிவிடுகிறது. காட்டைப் பகிர்வதில் அவர்களுக்குப் பெரிய தடையில்லை. ஒருவர் உடல் தொட்ட நீரில் இன்னொருவர் இறங்குவதும், ஒருவர் படுத்த கட்டிலில் அடுத்த இரவு இன்னொருவர் படுப்பதுமே தாங்கமுடியாததாக இருந்தது. நீரில் தொடங்கும் இந்தத் தீட்டுணர்வை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை நம் வாசகர்களிடம் இல்லை. குளக்கரைகளின் வரலாறு நமக்குத் தெரியும்.

கூடாரமடித்துத் தங்குவது என்பது பொழுதுபோக்கின் மிக அற்பமான வடிவம் என்று ஒருவர் வாதிடலாம். வாக்குரிமைக்கும் பள்ளிக்கும் முன்னால் ஏரிக்கரையில் இரண்டு நாள் என்பது எம்மாத்திரம்? ஆனால் அந்த மாநிலங்கள் அதை அற்பமாக நினைக்கவில்லை. தம் சொந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அதை மறுக்கத் தயாராக இருந்தன. பள்ளியில் அருகருகே அமர்வது ஒரு கடமையை நிறைவேற்றுவதற்காக. ஏரியில் சேர்ந்து குளிப்பதற்கு மகிழ்ச்சியைத் தவிர வேறு காரணம் இல்லை. சேர்ந்து மகிழ்ந்திருப்பவர்களை அதன் பிறகு பிரித்துவைப்பது கடினம். அதை மூடியவர்கள் அறிந்திருந்தனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. வழக்குத் தொடுத்தவர்களும் அறிந்திருந்தனர்.

காட்டைக் காப்பதற்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த கருவிகள் உண்மையிலேயே அரியவை. கைமாற்ற முடியாத நிலம், மக்கள் வாக்கின்றி மாற்ற முடியாத அரசமைப்புப் பிரிவு, வேர்களைக் காக்கும் வளையப் பாதை ஆகியவற்றை எந்த நாடும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் காட்டைக் காக்கும் சட்டம் ஒன்று. பொதுமக்கள் என்ற சொல்லைக் காக்கும் சட்டம் வேறொன்று. இரண்டாவது தானாக முதலாவதோடு வருவதில்லை. அது வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு வங்கியாளராலும், நார்ஃபோக்கின் நால்வராலும், பெயர் பதிவாகாத பல குடும்பங்களாலும் ஒவ்வொரு பூங்காவாக எழுதப்பட வேண்டியிருந்தது. 1964 ஜூலை 2ஆம் தேதி குடியுரிமைச் சட்டம் நிறைவேறியபோது, அதில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

சீஷோர் இன்று ‘முதல் தரையிறக்கம்’ என்ற பொருள்படும் ஃபர்ஸ்ட் லாண்டிங் என்ற பெயரோடு, வர்ஜீனியாவில் மிக அதிகமானோர் செல்லும் பூங்காக்களில் ஒன்றாக இருக்கிறது. பெயர் 1607இல் வந்தவர்களை நினைவுகூர்கிறது. 1930களில் சதுப்பில் இறங்கிப் பாதை வெட்டியவர்களை அல்ல. பிரின்ஸ் எட்வர்டின் இரு பூங்காக்களும் 1976இல் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. 1986இல் ‘இரட்டை ஏரிகள்’ எனப் பொருள்படும் ட்வின் லேக்ஸ் மாநிலப் பூங்கா என்று பெயர் பெற்றன. அழகிய பெயர்தான். அங்கே கூடாரமடிக்கும் குடும்பத்துக்கு, அருகருகே இருக்கும் இரண்டு நீர்நிலைகளின் நிலவியல் விவரமாகவே அது தோன்றும். ஒரு காட்டுக்குள் இரண்டு ஏரிகளும் ஏன் தனித்தனிப் பூங்காக்களாக இருந்தன என்று குழந்தை ஒன்று கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடிய ஒருவர் அந்த இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டும்.